முகாம் பூங்காவில் டிஸ்க் கால்ஃப்: திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகள்

ஊரை விட்டுத் தள்ளி, கூடாரம் போட்டுத் தங்குகிற பூங்காக்களில் சங்கிலி தொங்கும் இரும்புக் கூடைகள் ஆங்காங்கே நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். பெரும்பாலும் 9 ஹோல் கொண்ட சின்ன டிஸ்க் கால்ஃப் மைதானங்கள். வீசத் தொடங்கும் இடமும் அதற்கான கூடையும் சேர்ந்ததுதான் ஒரு ஹோல். அங்கே ஆட வருகிறவர்கள் என்னிடம் கேட்டுக்கொண்டே இருக்கும் கேள்விகளைத்தான் இங்கே சேர்த்திருக்கிறேன். 'போட்டி விதி' என்று சொல்லும் இடங்களில் எல்லாம், பிடிஜிஏ என்ற தொழில்முறை டிஸ்க் கால்ஃப் சங்கத்தின் விதியைக் குறிப்பிடுகிறேன். சும்மா பொழுதுபோக்காக ஆடும்போது அதை எவ்வளவு இறுக்கமாகப் பிடிப்பது என்பது உங்கள் குழுவின் முடிவு.

டிஸ்க் கால்ஃப்னா ஃப்ரிஸ்பீ தூக்கிப் போடுறதுதானே? இதுல என்ன ஆட்டம் இருக்கு?

டீ என்று குறித்திருக்கும் இடத்திலிருந்து முதல் வீச்சு. டிஸ்க் எங்கே நின்றதோ அங்கிருந்து அடுத்த வீச்சு. கூடைக்குள் விழும்வரை எத்தனை வீச்சு ஆனது என்று எண்ணிக்கொள்கிறோம். எல்லா ஹோலையும் கூட்டிப் பார்த்தால் யாருக்குக் குறைவோ அவர் ஜெயித்தார். ஆட்டம் முழுவதும் இவ்வளவுதான், ஆனால் நடுவில் மரம் நிற்கும்.

முன்பெல்லாம் மரம், விளக்குக் கம்பம், குப்பைத் தொட்டி என்று கண்ணில் பட்டதைக் குறிவைத்து ஆடினார்கள். 1975இல் கலிஃபோர்னியாவின் ஓக் குரோவ் பூங்காவில் எட் ஹெட்ரிக் நிரந்தர மைதானம் ஒன்றை அமைத்தார். முதலில் அங்கேயும் வெறும் கம்பங்கள்தான். டிஸ்க் கம்பத்தில் பட்டதா படவில்லையா என்று சண்டை வராமல் இருக்குமா? சங்கிலிக் கூடையை அவர் உருவாக்கி, 1977இல் காப்புரிமை வாங்கினார். பிடிஜிஏவை 1976இல் தொடங்கியவரும் அவரே. 2002இல் அவர் இறந்தபோது, அவருடைய சாம்பலைப் பிளாஸ்டிக்கில் கலந்து நினைவு டிஸ்க்குகள் வார்த்தார்கள். இந்த ஆட்டத்துப் பைத்தியம் எந்த அளவுக்குப் போகும் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டியதில்லை.

நாங்க கூடாரம் போடல, சும்மா ஆட மட்டும் வரலாமா?

அது அந்தப் பூங்காவைப் பொறுத்தது. சில இடங்களில் ஆட்டம் எல்லோருக்கும் இலவசம், வண்டி நிறுத்த மட்டும் கட்டணம் இருக்கும். சில இடங்களில் தங்குகிறவர்களுக்கு மட்டும்தான் அனுமதி. வாசலில் அலுவலகம் இருந்தால் கேளுங்கள். ஆள் இல்லாமல் உண்டியல் மாதிரி ஒரு பெட்டி மட்டும் இருந்தால், உறையில் காசு போட்டுவிட்டுப் போங்கள். யாரும் பார்க்கவில்லை என்று கடந்து போகிறவர்களால்தான் புல் வெட்டாமல் கிடக்கிறது.

வீட்டுல கிடக்குற ஃப்ரிஸ்பீ போதாதா? எத்தனை டிஸ்க் வாங்கணும்?

ஃப்ரிஸ்பீயை வைத்து ஒரு மாலை ஆடிப் பார்க்கலாம், தப்பில்லை. ஆனால் அது அகலமாக, விளிம்பு தடிமனாக இருக்கும். கொஞ்சம் காற்றடித்தாலும் மிதந்து வேறெங்கோ போய்விடும். 1983இல் விளிம்பைச் சரிவாகச் செதுக்கிய டிஸ்க் வந்த பிறகுதான் இந்த ஆட்டத்தில் தூரம் கூடியது.

சின்ன மைதானத்துக்கு ஒரு பட்டர், ஒரு மிட்ரேஞ்ச் இரண்டும் போதும். பட்டர் என்பது கூடைக்குப் பக்கத்தில் போடுவதற்கான மெதுவான டிஸ்க், மிட்ரேஞ்ச் அதைவிடச் சற்று வேகமானது. ஒரே ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் பட்டரை வாங்குங்கள். இங்கே பல ஹோல்கள் 60 முதல் 80 மீட்டர்தான் இருக்கும். கடைக்காரர் காட்டும் பளபளப்பான டிஸ்டன்ஸ் டிரைவருக்கு, அதாவது வெகுதூரம் வீசுவதற்கான வேகமான டிஸ்க்குக்கு, இங்கே வேலையே இல்லை. புது ஆள் கையில் அது பட்டரைவிடக் குறைவான தூரம்தான் போகும், அதுவும் புதருக்குள்.

நிறம் சாதாரண விஷயம் இல்லை. பச்சை வேண்டவே வேண்டாம். ஆரஞ்சும் சிவப்பும் சருகு கொட்டிக் கிடக்கும் காலத்தில் காணாமல் போகும். அடர்ந்த இளஞ்சிவப்பு எந்தப் பருவத்திலும் கண்ணில் படும்.

டிஸ்க் மேல நாலு நம்பர் போட்டிருக்கே, அது என்ன?

வரிசையாக வேகம், மிதப்பு, திருப்பம், முடிவில் சாய்வு. உதாரணமாக இன்னோவாவின் ஏவியார் என்ற பட்டரில் 2, 3, 0, 1 என்று இருக்கும். அதே நிறுவனத்தின் டெஸ்ட்ராயர் என்ற டிரைவரில் 12, 5, -1, 3. வேகம் என்பது அந்த டிஸ்க் தானாகப் போகும் வேகம் இல்லை. அது சொன்னபடி பறக்க நீங்கள் கொடுக்க வேண்டிய வேகம். 12 என்று போட்ட டிஸ்க்குக்கு உங்கள் கை 6 அளவு வேகம்தான் கொடுத்தால், மீதி எண்கள் எதுவும் பொருந்தாது, கடைசி எண் மட்டும் பழிவாங்கும்.

மூன்றாவது எண் மைனஸில் இருந்தால், வலக்கைக்காரர் பேக்ஹேண்டில் (கையை உடம்புக்குக் குறுக்கே இழுத்து) வீசும்போது டிஸ்க் முதலில் வலது பக்கம் திரும்பப் பார்க்கும். நான்காவது, வேகம் குறைந்ததும் இடது பக்கம் எவ்வளவு சாயும் என்பது. தொடங்குகிறவர்கள் வேகம் 7ஐத் தாண்ட வேண்டாம்.

நான் நேராத்தான் வீசுறேன், ஆனா எப்பவும் இடது பக்கமே போய் விழுது. ஏன்?

அதிகம் கேட்கப்படும் கேள்வி இதுதான். வலக்கையால் பேக்ஹேண்டில் வீசினால், மேலிருந்து பார்க்கும்போது டிஸ்க் கடிகார முள் சுற்றும் திசையில் சுழலும். வேகம் குறையும்போது காற்று அதன் முன்பகுதியை மேலே தூக்கப் பார்க்கும். ஆனால் பம்பரம் போல வேகமாகச் சுழலும் பொருளைத் தள்ளினால், விளைவு தள்ளிய இடத்தில் தெரியாது. கால் சுற்று தள்ளித்தான் தெரியும். அதனால் மூக்கு மேலே போவதற்குப் பதிலாக டிஸ்க் இடது பக்கம் சாய்கிறது. இடக்கைக்காரருக்கும், வலக்கையால் ஃபோர்ஹேண்டில் (உடம்புக்கு வலப்பக்கத்திலிருந்தே முன்னோக்கி) வீசுகிறவருக்கும் இது அப்படியே மாறி வலது பக்கம்.

ஆக, இடது பக்கம் சாய்வது உங்கள் குற்றம் இல்லை, அதைக் கணக்கில் எடுக்காமல் கூடையை நேரே பார்த்து வீசுவதுதான் குற்றம். கூடைக்குக் கொஞ்சம் வலதாகக் குறிவையுங்கள்.

சீக்கிரமே சாய்கிறது, அதுவும் பாதி வழியிலேயே என்றால் வேறு காரணம். டிஸ்க்கின் முன்விளிம்பு தூக்கிக்கொண்டு கிளம்புகிறது. தூரம் வேண்டும் என்று மேல்நோக்கி வீசும்போது எல்லோருக்கும் இது நடக்கும். டிஸ்க் ஏறும், மேலே போய் ஒரு கணம் நிற்கும், இடது பக்கம் சரிந்து விழும். மணிக்கட்டைச் சற்றுக் கீழ்நோக்கி வைத்து, சாவியைப் பூட்டில் நுழைத்துத் திருப்பும் நிலையில் கையைப் பிடித்து, இடுப்பு உயரத்தில் தட்டையாக இழுத்து விடுங்கள். மெதுவாக வீசினால் போதும். தோள் உயரத்துக்கு மேல் போகாத வீச்சுதான் மரங்களுக்கு நடுவில் பிழைக்கும்.

9 ஹோல்தானே, அரை மணி நேரத்துல முடிஞ்சிருமா?

பழகிய இரண்டு பேர் என்றால் முடியலாம். நான்கு புது ஆட்கள் என்றால் ஒன்றரை மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள், அதில் பாதி டிஸ்க் தேடுவதில் போகும். இந்த மாதிரி மைதானங்களில் எல்லா ஹோலும் பார் 3 ஆகத்தான் இருக்கும், அதாவது நன்றாக ஆடுகிறவர் 3 வீச்சில் முடிக்க வேண்டியது. முதல் தடவை 5, 6 எடுப்பது சகஜம். பின்னால் வேகமாக ஆடும் குழு வந்தால் ஓரமாக நின்று அவர்களை முன்னே விட்டுவிடுங்கள்.

முதல் டீ எங்கன்னே தெரியல. ஒரு கூடையில போட்டா அடுத்தது எங்க இருக்கு?

கிராமப்புற மைதானங்களில் இது நிரந்தரத் தலைவலி. பலகை சாய்ந்திருக்கும், எண் வெயிலில் வெளிறியிருக்கும், சில டீக்களில் சிமென்ட் தளம் இருக்காது, புல்லில் இரண்டு குச்சி மட்டும் நட்டிருப்பார்கள். யூடிஸ்க் செயலியில் பல மைதானங்களின் வரைபடம் இருக்கிறது. முகாமில் சிக்னல் கிடைக்காது, வீட்டிலேயே பார்த்துப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

அதுவும் இல்லையென்றால் கூடையின் உச்சியில் இருக்கும் பட்டையைப் பாருங்கள், ஹோல் எண் அங்கே இருக்கும். கூடைக்கு அடியிலோ கம்பத்திலோ அடுத்த டீயின் பக்கம் காட்டும் அம்புக்குறி தொங்கலாம். எதுவுமே இல்லையென்றால் தேய்ந்த ஒற்றையடிப் பாதையைப் பின்தொடருங்கள். முன்னால் ஆடியவர்களின் கால்கள் பலகையைவிடச் சரியாக வழி சொல்லும்.

வெறும் குச்சிகள் நட்ட டீயில், அவை இரண்டையும் இணைக்கும் கோட்டுக்குப் பின்னால் 3 மீட்டர் வரைதான் டீ. டிஸ்க் கையை விட்டுப் போகும் நேரத்தில் அதற்குள் நிற்க வேண்டும்.

ஃபேர்வே, அதான் டீக்கும் கூடைக்கும் நடுவுல இருக்குற பாதை, அது பக்கத்துலயே ஒரு குடும்பம் கூடாரம் போட்டிருக்கு. வீசலாமா?

உங்கள் டிஸ்க் போகக்கூடிய இடத்தில் ஆள் இருந்தால் வீசக் கூடாது. போகும் இடம் என்று சொல்லவில்லை, போகக்கூடிய இடம் என்கிறேன். மேலே சொன்ன இடது பக்கச் சாய்வை நினைத்துப் பாருங்கள். கூடாரம் இடது பக்கம் இருந்தால், நீங்கள் குறிவைத்தது எங்கே என்பது பேச்சே இல்லை. டிஸ்க் என்பது 170 கிராம் சொச்சம் எடையுள்ள கெட்டிப் பிளாஸ்டிக். நன்றாக வீசுகிறவர் கையிலிருந்து மணிக்கு 90 கிலோமீட்டருக்கு மேல் கிளம்பும். குனிந்து அடுப்பு மூட்டிக்கொண்டிருப்பவர் அதைப் பார்க்கவே மாட்டார்.

"அவங்கதான் ஆடுற இடத்துல வந்து உட்கார்ந்திருக்காங்க" என்று சிலர் வாதாடுவார்கள். போட்டி விதியில்கூட, வழியில் இருப்பவரை நகரச் சொல்லியோ பொருளை எடுக்கச் சொல்லியோ கேட்க ஆட்டக்காரருக்கு இடம் உண்டு. ஆனால் முகாமில் தங்க வந்தவருக்கு அது அவர் வீட்டு முற்றம். அந்தக் கூடை எதற்கென்றே அவருக்குத் தெரியாமல் இருக்கலாம். போய் ஒரு வார்த்தை சொல்லுங்கள். முக்கால்வாசிப் பேர் "அப்படியா, குழந்தைகளும் பார்க்கட்டும்" என்று நாற்காலியோடு தள்ளி உட்காருவார்கள். முகம் கொடுக்காவிட்டால் அந்த ஹோலை விட்டுவிட்டு அடுத்ததுக்குப் போங்கள், அல்லது டீயை முன்னால் தள்ளி வைத்துக்கொண்டு ஆடுங்கள். தப்பி விட்ட டிஸ்க் ஆள் பக்கம் போனால், வெட்கப்படாமல் "ஃபோர்!" என்றோ "பார்த்து!" என்றோ உரக்கக் கத்துங்கள்.

அதிகாலையும் இரவும் முகாமில் அமைதி நேரம். கூடைச் சங்கிலிச் சத்தம் உங்களுக்கு இனிமை, பக்கத்தில் தூங்குகிறவருக்கு இல்லை.

ரெண்டாவது வீச்சுக்கு எங்க நிக்கணும்? டிஸ்க் மேலயா, பக்கத்துலயா?

டிஸ்க்குக்குப் பின்னால், அதாவது கூடைக்கு எதிர்ப்பக்கம். கூடையிலிருந்து டிஸ்க் வழியாக ஒரு கோடு இழுத்தால், அந்தக் கோட்டின் மேல், டிஸ்க்கை ஒட்டிப் பின்னால் 30 சென்டிமீட்டர் நீளம், 20 சென்டிமீட்டர் அகலம். வீசும்போது ஒரு காலாவது அதில் இருக்க வேண்டும், எந்தக் காலும் டிஸ்க்கைத் தாண்டி முன்னால் இருக்கக் கூடாது. ஒரு செருப்பு அளவுக்குச் சற்றுக் கூடுதலான இடம், அவ்வளவே.

கூடையிலிருந்து 10 மீட்டருக்குள் வந்துவிட்டால் இன்னொன்று சேரும். வீசிய பிறகு தடுமாறி முன்னால் போய்விடக் கூடாது, நிலையாக நின்று காட்டிவிட்டுத்தான் நடக்க வேண்டும். யார் முதலில் வீசுவது என்றால், கூடைக்கு அதிக தூரத்தில் இருப்பவர்.

சங்கிலியில பட்டு வெளிய விழுந்திருச்சு. இன்னொண்ணு கூடை உச்சியில நின்னுருச்சு. கணக்கு உண்டா?

இரண்டுமே இல்லை. சங்கிலிகள் தொங்கும் மேல் பட்டைக்குக் கீழே, அடியில் உள்ள கம்பித் தட்டின் விளிம்புக்கு மேலே உள்ள இடைவெளி வழியாக உள்ளே போய், கூடையில் தங்கினால்தான் முடிந்ததாகக் கணக்கு. வெளியிலிருந்து வந்து தட்டின் கம்பிகளுக்கு நடுவே செருகி நின்றாலும் செல்லாது. பார்க்க அழகாகத்தான் இருக்கும், இன்னொரு வீச்சு போடுங்கள்.

டிஸ்க் மரத்துல மாட்டிக்கிச்சு. கல்லை விட்டு அடிக்கலாமா?

கல்லும் வேண்டாம், இன்னொரு டிஸ்க்கும் வேண்டாம். கல் யார் தலையில் இறங்கும் என்று தெரியாது, இரண்டாவது டிஸ்க் முதலாவதுக்குத் துணையாகப் போய் உட்கார்ந்துகொள்ளும். நீளக் குச்சி எட்டினால் எடுங்கள்.

ஆட்டக் கணக்கில், டிஸ்க் தொங்கும் இடத்துக்கு நேர் கீழே தரையில் குறித்துவிட்டு அங்கிருந்து வீசலாம். 2 மீட்டர் உயரத்துக்கு மேல் மாட்டினால் ஒரு வீச்சு அபராதம் என்பது பழகிய ஆட்கள் சொல்லும் விதி. போட்டி நடத்துகிறவர் அப்படி அறிவித்திருந்தால் மட்டுமே அது செல்லும். அறிவிக்கவில்லையா, அபராதம் இல்லை.

புதருக்குள்ள போச்சு, காணோம். எவ்வளவு நேரம் தேடலாம்?

போட்டி விதிப்படி 3 நிமிடம். அதற்குள் கிடைக்காவிட்டால் ஒரு வீச்சு அபராதம் போட்டு, முன்பு வீசிய இடத்துக்கே திரும்பிப் போய் வீச வேண்டும். சும்மா ஆடும்போது, காணாமல் போன இடத்துக்குப் பக்கத்திலேயே ஒரு அபராதத்தோடு தொடர்வதுதான் எல்லோர் பொறுமைக்கும் நல்லது.

தொலைக்காமல் இருக்க ஒரு வழி. வீசியதும் தலையைத் தொங்கப்போட்டு நொந்துகொள்ளாதீர்கள், டிஸ்க் நிற்கும்வரை கண்ணை எடுக்காதீர்கள். அது போன திசையில் தூரத்தில் ஒரு மரத்தைக் குறித்துக்கொண்டு நேராக அதை நோக்கி நடங்கள். வெட்டாத புல்லில் டிஸ்க் படுத்தபடி விழுவதில்லை. விளிம்பால் இறங்கிப் புல்லுக்கு அடியில் சறுக்கிப் போய்விடும், மேலே புல் மூடிக்கொள்ளும். அதனால் நின்று பார்த்தால் தெரியாது, காலால் புல்லை விலக்கிக்கொண்டே போக வேண்டும். நினைத்த இடத்தைவிடச் சில அடி தள்ளித்தான் பெரும்பாலும் கிடைக்கும்.

குளத்துல விழுந்தா? ரோட்டைத் தாண்டிப் போனா?

குளமும் முகாம் சாலையும் பொதுவாக எல்லைக்கு வெளியே என்று பலகையில் எழுதியிருப்பார்கள். டிஸ்க் முழுவதும் அந்தப் பக்கம் போயிருந்தால் ஒரு வீச்சு அபராதம். கடைசியாக உள்ளே இருந்த இடத்திலிருந்து 1 மீட்டர் வரை உள்ளே வந்து வீசலாம், அல்லது பழைய இடத்திலிருந்தே வீசலாம். ஒரு ஓரமாவது உள்ளே இருந்தால் அபராதம் இல்லை.

பெரும்பாலான டிஸ்க் தண்ணீரில் மூழ்கும். இன்னோவாவின் ஹைட்ரா, டிராகன் மாதிரிச் சில மட்டும் மிதக்கும். குளத்தை ஒட்டிய ஹோல் என்றால், போனால் வருத்தப்படாத டிஸ்க்கை எடுங்கள். தெரியாத குளத்தில் டிஸ்க்குக்காக இறங்க வேண்டாம்.

காத்து அடிக்கும்போது டிஸ்க் ஏன் சொன்ன பேச்சு கேக்க மாட்டேங்குது?

எதிர்காற்றில் டிஸ்க்குக்குத் தன் வேகம் கூடிவிட்டது போல ஆகிவிடும். அதனால் நான்கு எண்களில் மூன்றாவதான திருப்பம் அதிகமாகும், வலது பக்கம் புரளும், மேலே ஏறும். பின்காற்றில் இதற்கு மாறாக மிதப்பு குறைந்து சீக்கிரம் இடது பக்கம் சாய்ந்து இறங்கும். எதிர்காற்றுக்குத் திருப்பம் குறைவான டிஸ்க்கை எடுத்துத் தாழ்வாக வீசுங்கள். ஓங்கி வீசினால் இன்னும் மோசமாகும்.

குழந்தைகளை, நாயைக் கூட்டிட்டு வரலாமா?

தாராளமாக. குழந்தைகளுக்கு 150 கிராமுக்குக் குறைந்த டிஸ்க் கொடுங்கள், பாதி தூரத்திலிருந்து வீசச் சொல்லுங்கள். வீசுகிறவருக்கு முன்னால் யாரும் நிற்கக் கூடாது என்பது ஒன்றே கண்டிப்பான விதி. நாய் கயிற்றில் இருக்கட்டும். அதற்கு டிஸ்க் எல்லாமே தனக்காகப் போட்டதுதான், பல் பட்ட விளிம்போடு டிஸ்க் பிறகு நேராகப் பறக்காது.

டிஸ்க்குக்குப் பக்கத்துல குளவிக்கூடு இருக்கு. அங்க நின்னுதான் வீசணுமா?

வேண்டாம். கடிக்கும் கொட்டும் பூச்சி, ஆபத்தான விலங்கு, மழையில் தேங்கிய தண்ணீர் இவற்றிலிருந்து அபராதமில்லாமல் விலக விதியே இடம் தருகிறது. கூடையிலிருந்து விலகிப் பின்னோக்கி அதே கோட்டில், நிற்க வசதியான முதல் இடம்வரை போகலாம். பாம்பைக் கண்டாலும் இதுவே.

முள்செடிக்கு இந்தச் சலுகை கிடையாது. முள்ளுக்குள் நிற்க மனமில்லை என்றால் ஒரு வீச்சு அபராதம் எடுத்துக்கொண்டு அதே கோட்டில் எவ்வளவு தூரம் வேண்டுமானாலும் பின்னால் வரலாம். கிளையை ஒடிப்பதும் கூடாது. நிற்கும் இடத்தில் உதிர்ந்து கிடக்கும் சுள்ளி, சருகு, கல் இவற்றை மட்டும் தள்ளிவிடலாம். உயரமான புல்லில் தேடிவிட்டு வந்தால் கணுக்காலில் உண்ணி ஏறியிருக்கிறதா என்று பாருங்கள்.

மேசைக்கு அடியில போய் நின்னுருச்சு. மேசையை நகர்த்தலாமா?

பூங்கா மேசையை நகர்த்தக் கூடாது, பல இடங்களில் சங்கிலி போட்டுக் கட்டியும் இருக்கும். நிற்கவே முடியாத அளவு பெரிய திடமான தடை என்றால், அதற்கு நேர் பின்னால், அதே கோட்டில் குறித்துக்கொள்ளலாம், அபராதம் இல்லை. மேசையில் யாராவது சாப்பிட்டுக்கொண்டிருந்தால் விதியைப் பேசாதீர்கள், கேட்டு டிஸ்க்கை எடுத்துக்கொண்டு தள்ளி வந்து வீசுங்கள்.

கீழே கிடந்த டிஸ்க் ஒண்ணு எடுத்தேன். யாரோடதுன்னு தெரியல.

திருப்பிப் பாருங்கள். அடிப்பக்கம் பேனாவால் பெயரோ தொலைபேசி எண்ணோ எழுதியிருப்பார்கள், பாதி அழிந்திருந்தாலும் வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தால் படிக்கலாம். எண் இருந்தால் தகவல் அனுப்புங்கள். இல்லையென்றால் அலுவலகத்தில் கொடுங்கள். முதல் டீ பக்கத்தில் பெட்டி வைத்திருந்தால் அதில் போடுங்கள். எடுக்கும் முன் பக்கத்து ஃபேர்வேயில் யாரும் தேடுகிறார்களா என்று பாருங்கள், ஆட்டத்தில் இருக்கும் டிஸ்க்காக இருக்கலாம். உங்கள் டிஸ்க்கிலும் இன்றே எண் எழுதிவிடுங்கள்.

ஹோல்கள் ஒண்ணுக்கு ஒண்ணு குறுக்கே போகுது. நான் 4ஆம் ஹோல் ஆடும்போது 7ஆம் கூடையில விழுந்திருச்சு. இப்போ என்ன?

சின்ன இடத்தில் 9 ஹோலை அடக்கினால் இது நடக்கும். தவறான கூடைக்குள் விழுந்தால் ஆட்டம் முடியாது, அபராதமும் கிடையாது. டிஸ்க்கை எடுத்துக்கொண்டு, அந்தக் கூடைக்கு நேர் கீழே குறித்து, உங்கள் 4ஆம் கூடையை நோக்கித் தொடருங்கள். கூடைக் கம்பம் நிற்க விடாமல் தடுத்தால், மேசைக்குச் சொன்னது மாதிரி அதற்குப் பின்னால் நின்று வீசலாம்.

அந்த 7ஆம் கூடைக்கு ஆடிக்கொண்டிருப்பவர்கள் வீசி முடிக்கும்வரை காத்திருங்கள். குறுக்கு வழிகளில் யாருக்கு முன்னுரிமை என்று விதி எதுவும் இங்கே எழுதியிருக்காது. அவர்களைப் பார்த்துக் கையை உயர்த்துங்கள், அவர்கள் போடச் சொன்னால் போடுங்கள். இரு குழுவும் ஒரே நேரத்தில் கையில் டிஸ்க்கோடு நின்றால், கூடைக்குப் பக்கத்தில் இருக்கும் குழு முடித்துவிட்டுப் போகட்டும்.